அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது என் நம்பர்

ஒரு அரசியல்வாதி ஒரு பெண்ணோடு பேசியதாக ஒரு சாட் ஸ்கிரீன்ஷாட் பரவியது. அதில் அந்தப் பெண்ணின் நம்பராக இருந்தது இப்போது என்னிடம் இருக்கும் நம்பர். பெயர்களை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அந்த அரசியல்வாதி யார், எந்தக் கட்சி, அந்தப் பெண் யார், என்னை வைத்து வீடியோ போட்ட சேனல் எது என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் சில மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பிரமுகரின் அந்தரங்கம் 'லீக்' ஆகிறது. ஒரு ஆடியோ வரும், நாலு சாட் வரும், பத்து நாள் ஊரே அதைப் பேசும், அப்புறம் அடுத்த ஆள். பிரமுகருக்கு என்ன ஆகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அனேகமாக ஒன்றும் ஆகாது. சம்பந்தமே இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் எழுதி நான் படித்ததில்லை. 2024 செப்டம்பரில் எனக்கு அது நடந்தபோது ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் தேடினேன். சட்டப் பிரிவுகள் கிடைத்தன. காலையில் எழுந்து முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் சர்வீஸ் செய்கிறவன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு 2020 நவம்பரில் சொந்தமாகத் தொடங்கினேன். அப்போது வாங்கிய பிரீபெய்டு நம்பர் இது. கடைசி நான்கு எண்ணும் ஜோடி ஜோடியாக வரும், ஒருமுறை கேட்டால் மறக்காது. அதை ஸ்டிக்கராக அடித்து, போகிற வீட்டிலெல்லாம் மெஷினின் வலது பக்கம், குழாய்க்கு மேலே ஒட்டிவிட்டு வருவேன். இன்றைக்கு ஏறக்குறைய 900 வீட்டில் அந்த ஸ்டிக்கர் இருக்கிறது. என் கடை எங்கே என்று கேட்டால் அந்த ஸ்டிக்கர்தான் கடை. இது ஏன் முக்கியம் என்றால், பின்னால் எல்லோரும் சொன்ன ஒரே யோசனை "நம்பரை மாத்திடுங்க" என்பதுதான். சொல்வது சுலபம்.

புது சிம் என்று கடையில் கொடுப்பது புது நம்பர் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒருவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு நம்பர் துண்டிக்கப்பட்டால், 90 நாள் சும்மா கிடந்த பிறகு அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் இது பேச்சுக்கு வந்தபோதுகூட, தன் தகவல்களைப் பத்திரப்படுத்திக்கொள்வது பழைய சந்தாதாரரின் வேலை என்றுதான் சொன்னார்கள். வாங்கிய புதிதில் என் நம்பருக்கு ஒரு பெண் பெயரில் மெசேஜ்கள் வரும். நகைச்சீட்டுத் தவணை, ஸ்கேன் சென்டர் அப்பாயின்ட்மென்ட், ஏதோ ஒரு பள்ளியின் கட்டண நினைவூட்டல். யாரோ பழைய ஆள் என்று விட்டுவிட்டேன். நாளாக நாளாகக் குறைந்தது, ஆனால் முழுசாக நிற்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 8.40க்கு முதல் கால். ஒரு ஆண் குரல், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி "இருக்காங்களா?" என்றது. ராங் நம்பர் என்று வைத்தேன். அடுத்தது ஐந்து நிமிடத்தில். மூன்றாவது ஆள் என் குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டு, நீ அவளுக்கு என்ன உறவு என்பதை இங்கே எழுத முடியாத வார்த்தையில் கேட்டான். ஒன்பதரை மணிக்கு மேல் போன் கையில் நிற்கவில்லை, ஒரு கால் முடிவதற்குள் இன்னொன்று. சைலன்டில் போட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் 137 மிஸ்டு கால். வாட்ஸ்அப் வீடியோ கால் தனி. ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பிரமுகர் ஒரு பெண்ணோடு பேசியதாகச் சொல்லப்படும் சாட், 2019ஆம் வருடத் தேதி. மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நம்பர். யாரோ சிவப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள், ஆனால் மெல்லிசாக. கொஞ்சம் பெரிதாக்கினால் பத்து எண்ணும் தெரியும். என் நம்பர்.

இங்கேதான் முதல் தப்பு செய்தேன், அதுவும் பெரிய தப்பு. நான்தான் ஒன்றும் செய்யவில்லையே, விளக்கிச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். புதன்கிழமை காலை ஒரு பையன் கூப்பிட்டான், ரொம்பப் பணிவான குரல். "அண்ணே, நாங்க மீடியாண்ணே. உங்க பக்க நியாயத்தச் சொன்னீங்கன்னா எல்லா போனும் நின்னுடும்ணே." நியாயம் என்ற வார்த்தையில் விழுந்துவிட்டேன். ஒரு வீட்டு அடுப்படியில் மெம்பிரேனைக் கழற்றி வைத்துவிட்டு, கை ஈரத்தோடு ஆறு நிமிடம் பேசினேன். சாயந்திரம் அது யூடியூபில் வந்தது. ஆறு நிமிடத்தில் பதினான்கு வினாடி. நான் சொன்னது, "அந்தம்மாவை எனக்குத் தெரியும்னு நான் எப்பங்க சொன்னேன்?" அவர்கள் போட்டது, "அந்தம்மாவை எனக்குத் தெரியும்." அவ்வளவுதான். மேலே தலைப்பு: "போனை எடுத்த மர்ம நபர்! பகீர் ஆடியோ!" எனக்குக் குலையே நடுங்கிவிட்டது. என் குரல் எனக்கே திருட்டுக் குரல் மாதிரி கேட்டது.

இந்த மாதிரி நேரத்தில் செய்தியை நகர்த்துவது உண்மையோ பொய்யோ இல்லை, புதிதாக ஏதாவது ஒன்று கிடைப்பதுதான். செவ்வாய் ராத்திரி அவர்களிடம் இருந்தது ஒரே ஸ்கிரீன்ஷாட். அதை வைத்து எல்லோரும் ஏற்கெனவே வீடியோ போட்டாகிவிட்டது. புதன்கிழமைக்குப் புதுச் சரக்கு வேண்டும். நான் போனை எடுக்காமல் இருந்திருந்தால், "நம்பர் ஸ்விட்ச் ஆஃப்" என்று ஒரு வரியோடு போயிருக்கும். எடுத்துப் பேசினேன், ஒரு நாள் செய்தி ஆனேன். ஆகவே உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்தால் போனில் வாயைத் திறக்காதீர்கள். மறுப்புச் சொல்லத்தான் வேண்டும் என்றால் எழுத்தில், இரண்டு வரியில், ஒரே வாசகமாகச் சொல்லுங்கள்: "இந்த எண் 2020 நவம்பர் முதல் என்னிடம் உள்ளது. அந்த உரையாடலுக்கும் எனக்கும் தொடர்பில்லை. எண்ணை வெளியிடுவதை நிறுத்துங்கள்." வெட்டி ஒட்டினாலும் அதில் எடுக்க ஒன்றும் இருக்காது. இதை நான் ஐந்தாம் நாள்தான் கற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை என் பெயர் வெளியே வந்தது. எப்படி என்று ரொம்ப நாள் புரியாமல் இருந்தது, யாரோ தெரிந்தவன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஒரு பழைய ஹெல்ப்பர் பையன்மேல் சந்தேகப்பட்டேன். பாவம் அவன். விஷயம் ரொம்பச் சாதாரணம். யு.பி.ஐ. ஆப்பில் பணம் அனுப்புவது போல நம்பரைப் போட்டால் வங்கியில் உள்ள பெயர் இனிஷியலோடு வந்து நிற்கும். யாரோ அதைச் செய்து படம் எடுத்துப் போட்டுவிட்டான். அந்தப் பெயரை ஃபேஸ்புக்கில் தேடினால் நான், என் ஊர், நான் மாட்டிய மெஷின்கள். அப்புறம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று என் கணக்குக்குப் பணம் வர ஆரம்பித்தது. பணத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்பில் அசிங்க அசிங்கமாக எழுதியிருந்தார்கள். காசு கொடுத்துத் திட்டுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். மொத்தம் 43 ரூபாய் வந்தது, சிரிப்பதா அழுவதா. அன்றிலிருந்து வங்கிக்கு ஒரு நம்பர், தொழிலுக்கு ஒரு நம்பர் என்று பிரித்துவிட்டேன். வங்கி நம்பர் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நம்பரை ஊருக்கே கொடுக்கிற தொழில் செய்பவர்கள் இதை இன்றைக்கே செய்துவிடலாம், எதுவும் நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதே வியாழன் ராத்திரிதான் மோசமானது நடந்தது. என் வாட்ஸ்அப் படத்தில் என் மகள் இருந்தாள். ஒன்பது வயது, பள்ளி யூனிஃபார்ம், கையில் ஒரு கோப்பை. யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரிதான் செட்டிங் இருந்தது, அதை நான் தொட்டதே இல்லை. ஒரு சேனல் அந்தப் படத்தை எடுத்து, பிரமுகரின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மட்டும் ஒரு கறுப்புப் பட்டையால் மறைத்து, "யார் இந்தக் குழந்தை?" என்று போட்டது. யூனிஃபார்ம் நிறம் தெரிகிறது, பையில் பள்ளியின் சின்னம் தெரிகிறது, கண்ணை மறைத்து என்ன புண்ணியம்? நான் பார்ப்பதற்கு முன்னால் என் மச்சினி பார்த்துவிட்டாள். பிரமுகர், அரசியல், நம்பர் என்று அதுவரை ஏதோ ஒரு வெளி விஷயமாக இருந்தது, அந்த நிமிடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, சத்தம் போடாமல், "என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க, அந்தப் பொம்பளையை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவள். எனக்குக் கோபம் வரவில்லை, அந்த ஆடியோவைக் கேட்டால் எனக்கே சந்தேகம் வரும். சிம் வாங்கிய அன்று வந்த முதல் மெசேஜைத் தேடிக் காட்டலாம் என்றால் பழைய போன் உடைந்து போயிருந்தது. அந்த ராத்திரி இரண்டு பேருமே தூங்கவில்லை. ஆனால் பேசிக்கொள்ளவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் அவள் என் போனை வாங்கி வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். எங்கள் சர்வீஸ் ஆட்கள் குரூப்பில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் 1.15க்கு அந்த ஸ்கிரீன்ஷாட் கிடந்தது. அனுப்பியது நான். யாரோ அனுப்பியதைப் பார்த்து, சிரிக்கும் பொம்மை நாலு போட்டு, நானே தள்ளிவிட்டிருக்கிறேன். சாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேனே தவிர மேலே இருந்த நம்பரைப் பார்க்கவில்லை. அவள் அதை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு விதத்தில் அதுதான் என்னைக் காப்பாற்றியது. சம்பந்தம் இருக்கிறவன் தன் நம்பரைத் தானே அனுப்புவானா என்று அவளே யோசித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை என்னை மறுபடி கூப்பிட்டது ஒரு மூத்த குரல். நிதானமாகப் பேசினார். அந்த நம்பருக்கு அந்தப் பெண் பெயரில் பழைய மெசேஜ் ஏதாவது வந்திருக்கிறதா, ஆஸ்பத்திரி, ஸ்கூல், எதுவானாலும் சரி, படம் எடுத்து அனுப்பினால் 25,000 ரூபாய் தருகிறோம், உங்கள் பெயர் வராது என்றார். அவர் கேட்டது எல்லாம் என் போனில் இருந்தது. ஸ்கேன் சென்டர் தேதியோடு. நான் உத்தமன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மூன்று நாளாக ஒரு ரூபாய் வருமானம் இல்லை, அந்த மாதம் பள்ளிக் கட்டணம் பாக்கி. யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் வைத்தேன். சாயந்திரம் வரை யோசித்தேன். இப்போது என் மகள் படத்தைப் போட்டவர்களுக்கு இன்னொரு வீட்டுக் குழந்தையின் பள்ளிப் பெயரை எடுத்துக் கொடுப்பதா என்று ஒரு பக்கம். இதில் கை வைத்தால் பிரமுகரின் ஆட்கள் சும்மா விடுவார்களா என்ற பயம் இன்னொரு பக்கம். பயம்தான் ஜெயித்தது என்று நினைக்கிறேன். எல்லா மெசேஜையும் அழித்துவிட்டு அவர் நம்பரை பிளாக் செய்தேன்.

பயம் வீண் இல்லை. சனிக்கிழமை இரண்டு பைக்கில் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். "உங்களுக்குப் பின்னாடி யாரு இருக்கா?" என்று மட்டும் மூன்று தடவை மூன்று விதமாகக் கேட்டார்கள். எனக்குப் பின்னாடி இருந்தது ஸ்பேர் ஃபில்டர் அடுக்கிய ஷெல்ஃப். ஒருவன் போகும்போது என் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அவர்கள் போன பிறகுதான் எழுத்தில் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புகார் விஷயத்தில் நான் அலைந்த அலைச்சலைச் சுருக்கிச் சொல்கிறேன். 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்குத்தான் முதலில் அடித்தேன். அது முக்கியமாகப் பணம் போன மோசடிக்கு. இந்த மாதிரி விஷயத்தை மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் எழுத்தாகப் பதிய வேண்டும், கூடவே உள்ளூர் ஸ்டேஷனிலும் மனு கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதாக அவர்கள் தரும் தாள், கேட்டு வாங்குங்கள். நான் வாங்காமல் வந்து, திங்கட்கிழமை மறுபடி போய் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கினேன். எஃப்.ஐ.ஆர். இல்லைதான், ஆனால் அந்தத் தேதியில் நான் புகார் சொன்னேன் என்பதற்கு அதுதான் சாட்சி. பின்னால் யூடியூப், டெலிகாம் கம்பெனி, பள்ளி எல்லா இடத்திலும் அந்த ஒரு தாள்தான் பேசியது. சித்தப்பா மகன் ஒருவன் "66ஏ போட்டா உள்ள போயிடுவானுங்க" என்று உசுப்பிவிட்டான். ஐ.டி. சட்டத்தில் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவை 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்று வக்கீல் சொல்லித்தான் தெரியும். நல்லவேளை மனுவில் எழுதவில்லை.

மனுவோடு வைக்க வேண்டிய முக்கியமான ஆதாரம், நம்பர் எந்தத் தேதியிலிருந்து என் பெயரில் இருக்கிறது என்பது. இதை டெலிகாம் கம்பெனி ஷோரூமில் கேட்டால் கவுன்டரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்கினார். கஸ்டமர் கேருக்கு இமெயிலில், சி.எஸ்.ஆர். நகலை வைத்துக் கேட்டேன், நான்கு நாளில் ஆக்டிவேஷன் தேதியைப் போட்டுப் பதில் வந்தது. ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி முதல் நாளே கையில் இருந்திருந்தால் எவ்வளவோ மிச்சம். ஸ்கிரீன்ஷாட்டில் 2019, என் சிம் 2020, கதை முடிந்தது. அதனால் சொல்கிறேன், புது நம்பர் வாங்கினால் அன்று வரும் ஆக்டிவேஷன் மெசேஜைப் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். அப்புறம், ஒவ்வொரு வீடியோவையும் நீக்கச் சொல்வதற்கு முன்னால் லிங்க், தேதி, எத்தனையாவது நிமிடத்தில் என் நம்பரும் படமும் வருகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி, திரையைப் பதிவு செய்து வைத்தேன். கோபத்தில் முதலிலேயே போய்த் திட்டி எழுதினால் அவர்களே நீக்கிவிட்டு நான் போடவே இல்லை என்பார்கள்.

யூடியூபில் சாதாரண ரிப்போர்ட் பட்டனை எங்கள் சொந்தக்காரர்கள் முப்பது பேர் அழுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அங்கே தனியுரிமை மீறல் புகார் என்று தனிப் படிவம் இருக்கிறது. வீடியோவில் வருவது நான்தான், அல்லது என் குழந்தைதான் என்று சொல்லி, நிமிடக் கணக்கோடு நிரப்ப வேண்டும். பொதுவாக வீடியோ போட்டவருக்கு 48 மணி நேரம் கொடுத்துவிட்டு அப்புறம் அவர்கள் பார்ப்பார்கள். அதோடு அப்போதிருந்த ஐ.டி. விதிகள்படி யூடியூபின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதினேன். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிக்க வேண்டும் என்று அப்போது இருந்தது, பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். மகள் படம் போட்ட வீடியோ பன்னிரண்டாம் நாள் இறங்கியது. டி.வி. விஷயத்தில்தான் கோட்டை விட்டேன். ஒரு செய்தி சேனல் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே திரை முழுக்கக் காட்டியிருந்தது. செய்தி ஒளிபரப்பாளர்களின் தரநிலை ஆணையத்தில் உறுப்பினராக இருக்கும் சேனல் என்றால், ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் முதலில் அந்தச் சேனலுக்கு எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். நான் பத்தாம் நாள்தான் வக்கீலைப் பார்த்தேன். ஏழு நாள் என்பது இந்த மாதிரிக் குழப்பத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு சின்னது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியுமா தெரியவில்லை.

வக்கீல் நோட்டீஸுக்கு 6,000 வாங்கினார். அவரிடம் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில்தான் மனசு கொஞ்சம் நேரானது. அரசியல்வாதியின் பொது நடவடிக்கையைப் பத்திரிகை எழுதலாம், ஆனால் சாதாரண மனிதனின் குடும்பம், குழந்தை, கல்யாணம் எல்லாம் அவன் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது என்று 1994லேயே, நக்கீரன் ஆசிரியர் தமிழ்நாடு அரசுக்கு எதிராகப் போட்ட ஆட்டோ சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். அவதூறுக்குச் சிவில் வழக்கு என்றால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்றார். நான் போடவில்லை. இன்னொரு முறை அந்த ஆடியோவைக் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்கத் தெம்பில்லை. அதில் வருத்தம் உண்டா என்றால் சில நாள் உண்டு.

சத்தம் அடங்கியது இதனாலெல்லாம் இல்லை. ஒன்பதாம் நாள் ஒரு சினிமாக்காரர் வீட்டு விவகாரம் கிளம்பியது, அன்று மத்தியானத்தோடு எனக்கு வந்த கால்கள் பாதியாகி, மறுநாள் பத்தாகி, அப்புறம் நின்றுவிட்டன. நான் நோட்டீஸ் விட்டபோது பார்க்க ஆளே இல்லாத வீடியோக்களுக்கு நோட்டீஸ் விட்டேன். நின்றது சத்தம் மட்டும்தான். ட்ரூகாலரில் என் நம்பருக்கு யாரோ கூட்டமாகச் சேர்ந்து வேறு பெயர் வைத்திருந்தார்கள், கூடவே ஸ்பேம் என்று சிவப்பில் காட்டியது. சர்வீஸ் தேதி சொல்ல நான் கூப்பிட்டால் பழைய வாடிக்கையாளர்களே எடுக்கவில்லை. இது புரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது. மற்றவர் போனில் நம் பெயர் என்னவென்று காட்டுகிறது என்பதை நாமே பார்ப்பதில்லை அல்லவா. பெயரைத் திருத்தக் கேட்டு, கடைசியில் பட்டியலிலிருந்தே எடுக்கச் சொல்லி எழுதி, அது சரியாக இன்னும் சில வாரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு நாள் போன் பெரும்பாலும் ஃபிளைட் மோடில் கிடந்ததில் சர்வீஸ் வருமானம் 19,800 போனது. ஏ.எம்.சி. எனும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் 14 பேர், ஆளுக்கு 2,500, அது 35,000. வக்கீல் 6,000, புது ஸ்டிக்கர் அடித்தது 1,600. மொத்தம் 62,400. மகளை ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பாததையும், அவள் திரும்பிப் போனதும் இரண்டு பிள்ளைகள் கேட்ட கேள்வியையும் இதில் சேர்க்கவில்லை. பள்ளியில் தலைமை ஆசிரியையை நேரில் பார்த்து சி.எஸ்.ஆர். ரசீதைக் காட்டிப் பேசினோம், மற்றவர்கள் வாயால் அவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாள் நன்றாகவே நடந்துகொண்டார்.

நம்பரை மாற்றவில்லை. 900 வீட்டு மெஷினும் என்னை அந்த நம்பரில்தான் கூப்பிடும். வாட்ஸ்அப் படத்தில் இப்போது ஒரு ஃபில்டர் கேண்டில் இருக்கிறது, தெரியாத நம்பர் கால்களைச் சைலன்ட் செய்யும் வசதியையும் போட்டு வைத்திருக்கிறேன். குரூப்பில் வரும் எதையும் நான் தள்ளிவிடுவதில்லை என்று சொல்ல ஆசைதான், கிரிக்கெட் ஜோக் தள்ளிவிடுகிறேன்.

போன மாதம் அந்தப் பெண்ணின் பெயருக்கு மறுபடி ஒரு மெசேஜ் வந்தது, பள்ளியிலிருந்து, இரண்டாம் தவணைக் கட்டணம். இத்தனை வருடமாக நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். அதிலிருந்த ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு, இது இப்போது என்னுடைய நம்பர், அவர்களுடையது இல்லை, எடுத்துவிடுங்கள் என்றேன். "சரி சார். அவங்க புது நம்பர் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.